கடைசி சைக்கிளும் உதிர்ந்த பழமும்

1

அந்த யோசனை எனக்கு எந்த இடத்தில் வந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில், ஓட்டுக் கூரை போலச் சரிந்து நிற்கும் ஒரு திராட்சைத் தோட்டத்தின் உச்சியில், புளித்த நாற்றம் அடிக்கும் குலைகளைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே தோட்டக்காரர் மத்தியாஸ். பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இன்னும் பத்து நாள்தான். அப்புறம் வசந்தம் வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஈ காக்கா இருக்காது."

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஏற்காட்டில் காபிப் பழம் சிவக்கிற மாதங்கள். இங்கே கடைசிப் பெட்டி இறங்கும்போது அங்கே முதல் சாக்கு ஏறும். மூன்று வருடமாக இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கு நடுவில்தான் வாழ்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

யோசனை வருவதற்கு அது நல்ல நேரமே இல்லை. நான் செய்த காரியத்தால் நாலு பெட்டி திராட்சை கெட இருந்தது. எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை ஆட்டம் கண்டிருந்தது. நான் பார்த்துக்கொள்ள வேண்டிய பதினோரு பேர், நான் இல்லாமலே, கீழே படகில் ஆற்றைக் கடந்துபோயிருந்தார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் ஜெனி. ஊர் ஏற்காட்டு மலையில் கிளியூர். அம்மா பெயர் அருள்மேரி, ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறாள். அண்ணன் அந்தோணி அதே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, சேலத்தில் காலேஜ் முடித்து, சுற்றுலா நிர்வாகம் படிக்க ஜெர்மனிக்கு வந்தேன். படிப்பு முடிந்துவிட்டது. வேலை தேடிக்கொள்ளக் கொடுத்திருக்கும் அனுமதி ஜனவரி கடைசியோடு முடிகிறது. அதற்குள் வருடம் முழுவதற்குமான வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் கோப்பைப் பார்க்கும் அம்மாள் கெட்டவர் இல்லை. மேஜையில் மூன்று கள்ளிச்செடி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உர்சுலாவின் சைக்கிள் சுற்றுலா நிறுவனத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று நான் போன தடவை சொன்னதும், சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நவம்பரிலிருந்து மார்ச் வரை என்ன செய்வீர்கள்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உர்சுலாவின் தொழில், ஆட்களைச் சைக்கிளில் ஏற்றித் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஒரு நாள் சுற்றிக் காட்டுவது. ஆற்றோரப் பாதை, இரண்டு கிராமம், ஒரு தோட்டம், ஒரு படகு, கடைசியில் நாலு தம்ளர் ஒயின். குளிரில் யாரும் வரமாட்டார்கள். நான் கெஞ்சாத குறையாகக் கேட்டதில், "முதலில் ஒரு நாள் கூட வா. நீ எப்படி என்று பார்க்கிறேன். குளிர்காலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றாள் உர்சுலா. ஐம்பது வயதுக்காரி. குதிகால் வரை தசை. பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது.

அவள் எனக்குக் கொடுத்த வேலை கடைசி சைக்கிள். முன்னால் உர்சுலா வழிகாட்டிக்கொண்டு போவாள். நடுவில் பதினோரு பேர். கடைசியில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நான். பஞ்சர் ஒட்ட, கழன்ற சங்கிலியை மாட்ட, நின்ற இடத்திலெல்லாம் தலை எண்ண. விதி ஒன்றே ஒன்று: எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

சரி என்றேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்து நாலு மாதம்தான் ஆகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

3

சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் சைக்கிள் கிடையாது. இருந்து என்ன செய்வது? வாசலை விட்டு இறங்கினால் பள்ளம், திரும்பினால் மேடு. நாங்கள் நடையிலிருந்து நேராக டி.வி.எஸ்.ஸுக்குப் போனவர்கள். நான் பதினெட்டு வயதில் அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டியே ஓட்டி மலையிறங்கியிருக்கிறேன். சைக்கிள் கற்றுக்கொண்டது இங்கே, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்தில். எனக்குக் கற்றுக்கொடுத்தது போனில் பார்த்த வீடியோக்கள்.

மலைப்பழக்கம் காலை விட்டுப் போகாது என்று அன்றைக்குக் காலையிலேயே தெரிந்துபோயிற்று. முதல் கிராமம் தாண்டியதும் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு இறக்கம். கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற எந்த ஏற்காட்டுக்காரரும் செய்வதை நானும் செய்தேன். பிரேக்கைத் தேய்க்காமல் கியரைக் குறைத்தேன். இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? சைக்கிளில் பிடித்துக்கொள்ள இன்ஜின் ஏது? பெடல் காற்றில் சுற்றுகிறது, வண்டி பறக்கிறது, முன்னால் ஹான்ஸ் என்ற எழுபது வயதுக்காரரின் முதுகு பெரிதாகிக்கொண்டே வருகிறது. எப்படியோ இரண்டு பிரேக்கையும் இறுக்கி, புல்லில் ஏறி நின்றேன்.

ஹான்ஸ் திரும்பிப் பார்த்தார். "முந்திப் போகிறாயா?"

"இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"எதை?"

"புல்லை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். கூட்டத்திலேயே மெதுவானவர் அவர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க முன்னால் உட்கார்ந்துவிட்டதால் இப்போது பின்னால் வரப் பிடிக்கிறதாம்.

ஒவ்வொரு வளைவிலும் நான் மணி அடித்தேன். ஒரு நிறுத்தத்தில் உர்சுலா கேட்டேவிட்டாள். "யாருக்காக அடிக்கிறாய்? பாதையில் ஆளே இல்லையே."

"வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லையே."

"இங்கே எல்லா வளைவிலும் தெரியும். திராட்சைச் செடி உன் தோள் உயரம்தான்."

உண்மைதான். எங்கள் மலையில் வளைவு என்றால் மறைப்பு. பாறை, சில்வர் ஓக், மேலே ஏறி வரும் பஸ். மேலே வருகிற வண்டிக்கு வழி விடணும், கீழே போகிறவன் ஹாரன் அடிக்கணும் என்பது எங்களுக்கு லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே தெரியும். இங்கே மலை முழுக்க வெயிலில் விரித்த பாய் மாதிரி திறந்து கிடக்கிறது. காபிக்கு நிழல் வேண்டும், திராட்சைக்கு வெயில் வேண்டும். ஒரே மாதிரிச் சரிவு, நேரெதிர் தேவை. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடுத்த வளைவில் இரண்டு தடவை மணி அடித்தேன்.

4

பதினொரு மணிக்கு மத்தியாஸின் தோட்டம். அறுவடை நேரம் என்பதால் வந்தவர்களும் அரை மணி நேரம் திராட்சை வெட்டலாம் என்பது ஏற்பாடு. ஆளுக்கு ஒரு கத்தரி, ஒரு வாளி. எப்படி வெட்டுவது என்று மத்தியாஸ் கீழே நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் அரை கிலோமீட்டர் பின்னால், ஹான்ஸின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் ஆளுக்கொரு வரிசையில் குனிந்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டதுதான். பழம் பறிக்கிறவள் மகள் நான். வரிசைக்குள் நுழைந்ததும் என் கண் செடிக்குப் போகவில்லை, தரைக்குப் போயிற்று. தரையெல்லாம் திராட்சை. அரைக் குலை, கால் குலை, உதிரி உதிரியாக. இந்த டூரிஸ்ட்டுகளுக்கு வெட்டவும் தெரியவில்லை, விழுந்ததை எடுக்கவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டில் கீழே ஒரு பழம் கிடக்கக் கூடாது. காபிப் பழத்தைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் ஒரு கடுகளவு வண்டு உண்டு, போரர் என்பார்கள். தரையில் விட்ட பழத்துக்குள் அது சுகமாக இருந்துகொண்டு அடுத்த வருடக் காய்ப்புக்குத் தயாராக வெளியே வரும். அதனால் பறிப்பு முடிந்ததும், எல்லாருக்கும் பின்னால், இலைச் சருகைக் கிளறி உதிர்ந்ததை எடுத்துக்கொண்டே சிலர் வருவார்கள். அம்மா பல வருடம் அந்தக் கடைசி ஆள். வேகமாகப் பறிக்கிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், கண் உள்ள ஆள் கிடைக்கமாட்டான் என்று எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அவளை அதில் போட்டிருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன்.

"ஏங் கண்ணு, மேல என்ன பாக்கற? மேல இருக்கறது மத்தவங்க பாத்துக்குவாங்க. நீ கீழ பாரு" என்பாள்.

ஆக, நான் கீழே பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால் போய் ஒவ்வொரு வரிசையாகப் பொறுக்கினேன். ஹான்ஸும் சேர்ந்துகொண்டார். "எங்கள் அம்மாவும் இப்படித்தான். நிலத்தில் ஒரு உருளைக்கிழங்கை விடமாட்டாள்" என்றார். நிரம்பிய வாளிகளை அங்கங்கே வரிசை முனையில் வைத்தோம். கூலிக்கு வந்த ஆட்கள் எல்லா வாளிகளையும் எடுத்துப் பெரிய பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாளியையும் கொட்டினார்கள்.

பெருமை தாங்கவில்லை. குவிந்த வாளியை ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "பாத்தியாம்மா, இங்கயும் உதிரிதான் பொறுக்குறேன்" என்று எழுதினேன்.

5

கீழே ஆற்றோரம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு, படகுத்துறைக்குக் கிளம்பினோம். உர்சுலா முன்னால் போய்விட்டாள். நான் தலை எண்ணி, ஹெல்மெட்டை மாட்டும்போது அம்மாவின் குரல் பதிவு வந்தது. அங்கே வேலை விட்டு வரும் நேரம். பின்னால் யாரோ பஸ்ஸைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏஞ் சாமி, ஏரோப்பிளேன் ஏறிப் போயும் பொறுக்கற வேலதானா? இதுக்கா அத்தன படிச்ச? செரி, போவுது. பொறுக்குனது பொறுக்குன. தனிச் சாக்குல போட்டயா? போட்டோவுல பாத்தா அல்லாம் ஒரே வாளியாட்டம் இருக்குது. அதும் கருப்படிச்சுத் தெரியுது. கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். சோறு உண்டயா?"

தனிச் சாக்கு.

இருபது வருடமாகப் பார்த்த சாக்கு. உதிரிப் பழம் ஒருநாளும் பறித்த பழத்தோடு சேராது. தனியாகக் கட்டி, தனியாக எடை போட்டு, தனியாகக் காயவைப்பார்கள். மண்வாடை ஏறிய பழம் நல்ல பழத்தையும் கெடுத்துவிடும். பொறுக்குவது பாதி வேலை. பிரித்து வைப்பது மீதி. எனக்குக் குனிவது நினைவிருந்தது, சாக்கு மறந்துபோயிற்று.

காபியை விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜாடியில் ஒயின் போடுவாள். சேலம் மார்க்கெட்டிலிருந்து அண்ணன் கறுப்புத் திராட்சை வாங்கி வருவான். ஒவ்வொரு பழமாகத் துடைத்துக் காயவைக்கும்போது, மெத்தென்று இருக்கிற ஒன்றை நான் ஜாடிக்குள் போட்டுவிட்டால் தலையில் குட்டு விழும். அந்த வீட்டில் வளர்ந்தவள்தான் நான்.

விரல்களை மோந்து பார்த்தேன். ஊறுகாய் ஜாடி மாதிரி புளித்த வாடை. அந்த டூரிஸ்ட்டுகள் தவறவிட்டதல்ல அது. அழுகிய பகுதியை வெட்டி, வேண்டுமென்றே கீழே போட்டது. மத்தியாஸ் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். ஹான்ஸுக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கேட்டேன். "ஆமாம், கெட்டதை நறுக்கித் தரையில் போடச் சொன்னாரே" என்றாள்.

மேலே பார்த்தேன். சரிவில் பல்சக்கரம் வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போகிறது. அதில்தான் பெட்டிகளை மேல்சாலைக்கு ஏற்றுவார்கள். அங்கே டிராக்டர் நிற்கும். அதிலேற்றிப் பிழியும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டால் முடிந்தது. தண்டவாளத்தில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதில் நாலு பெட்டி.

யாருக்கும் தெரியாது. நான் சொல்லாமல் சைக்கிளை மிதித்தால் உர்சுலாவின் கணக்கில் என் நாள் சுத்தமான நாள். சொல்வதற்காக மேலே ஏறினால் கடைசி சைக்கிள் தன் இடத்தை விட்டுப் போகிறது. இருக்கும் ஒரே விதியை மீறுகிறேன். உர்சுலாவுக்குப் போன் போட்டேன். ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள், எடுக்கவில்லை. மத்தியாஸின் எண் என்னிடம் இல்லை.

ஹான்ஸ் என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன்.

"அப்படியானால் ஓடு" என்றார். "நாங்கள் படகில் ஏறிவிடுவோம்."

"எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது."

"எனக்குப் பின்னால்தான் எப்போதுமே யாரும் இல்லையே."

மஞ்சள் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். தொப்பையில் பொத்தான் ஏறவில்லை. "ரயிலில் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் விளக்கு எரியும்" என்றார் அவர். "அதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாக வந்தது என்று ஸ்டேஷன்காரனுக்குத் தெரியும்."

"எங்கள் ஊர் ரயிலில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள்."

"நான் விளக்கு. நீ போ."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறினேன். சைக்கிள் எனக்கு நாலு மாதப் பழக்கம். மேடு பிறந்ததிலிருந்து பழக்கம். நேராக ஏறாமல் சாய்ந்து சாய்ந்து, பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி, செடித் தூணைப் பிடித்து ஏறினேன். உச்சிக்கு வரும்போது டிராக்டரின் சத்தம் கேட்டது. மத்தியாஸ் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாகப் படித்த ஜெர்மன் அந்த நொடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன்.

புரிந்திருக்காது. ஆனாலும் நின்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் இறங்கி வந்து, ஒரு பெட்டியில் கையை விட்டுப் புரட்டி, மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"யார் செய்தது?"

"நான்."

"ஏன்?"

அந்த 'ஏன்' கோபத்தில் கேட்டது இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. இத்தனை வருடத்தில் வந்தவர்கள் பச்சைக் காயை வெட்டியிருக்கிறார்கள், விரலை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே கிடந்ததைத் தேடித் தேடிப் பெட்டிக்குள் போட்ட ஆள் நான்தான். போரர் வண்டைப் பற்றிச் சொன்னேன். தரையில் விட்டால் அது குடியிருந்துவிடும் என்றேன். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எங்கள் பூச்சிகள் வேறு" என்றார் கடைசியில். "உட்கார். பிரிக்கலாம்."

ஒரு மணி நேரம். குலை குலையாக. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எல்லா அழுகலும் அழுகல் இல்லை. சாம்பல் பூத்து, உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியதை அவர் தனியாக எடுத்து வைத்தார். அது தேன் மாதிரி இனிக்கும், அதில் விலை கூடிய ஒயின் செய்வார்களாம். வாயில் போட்டுப் பார்த்தேன். இனித்தது. அப்படியானால் எது நல்ல அழுகல், எது கெட்ட அழுகல் என்று எப்படித் தெரியும்? பூஞ்சை ஒன்றேதானா? மழை பெய்தால் மாறுமா? காபிப் பழத்திலும் இப்படி ஒன்று இருக்குமா, நாம்தான் தெரியாமல் தூக்கிப் போடுகிறோமா?

"நீ கேட்பதைக் கொஞ்சம் நிறுத்தினால் சீக்கிரம் முடியும்" என்றார் மத்தியாஸ்.

நிறுத்தினேன். இரண்டு நிமிடம் கழித்து அவரே சொன்னார்: "மூக்குதான். வேறு வழி இல்லை."

அதற்கப்புறம்தான் அவர் அந்தப் பத்து நாள் பேச்சை எடுத்ததும், நான் மாதங்களை எண்ணியதும்.

6

அடுத்த படகில் ஆற்றைக் கடந்தேன். அக்கரைத் துறையில் மஞ்சள் சட்டையோடு ஹான்ஸ் உட்கார்ந்திருந்தார். எத்தனை கூப்பிட்டும் நகரமாட்டேன் என்றுவிட்டாராம். "விளக்கு வராமல் ரயில் கிளம்பாது" என்று சொல்லியிருக்கிறார். மற்ற பத்துப் பேரும் பக்கத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். உர்சுலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"விதி என்ன?"

"எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது."

"இருந்தார்களா?"

"ஹான்ஸுக்குப் பின்னால் யாரும் இல்லை."

சுவரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உர்சுலா சிரிக்கவில்லை. சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டாள். ஒயின் சுவைக்கும் இடத்தில் எல்லாரும் தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோய், பேரிக்காய் என்றும் ஈரக்கல் என்றும் சொன்னார்கள். என் மூக்கில் என் விரலின் புளித்த வாடைதான் அடித்தது.

மாலை கொட்டகையில் சைக்கிள்களைப் பூட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மத்தியாஸ் போன் செய்தார். பெட்டிகள் தப்பித்தன என்றார். நீ போகாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது என்றும் சொன்னார். நீ போனது சரி. பதினோரு பேரை விட்டுப் போனது சரியில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன்."

"தனிச் சாக்கு" என்றேன்.

"என்ன?"

அம்மா சொன்னதைச் சொன்னேன். உதிரியை ஏன் பிரித்துக் கட்டுகிறார்கள் என்று சொன்னேன். நான் செய்த சரியையும் தப்பையும் அப்படித்தான் தனித்தனியாகப் போட வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல அவள் பூட்டைக் கீழே வைத்துவிட்டாள். பறிப்பு எப்போது என்று கேட்டாள். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கள்ளிச்செடி அம்மாளின் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

"மேடு எவ்வளவு?"

"சேலத்திலிருந்து ஏற இருபது கொண்டை ஊசி."

"வருகிறவர்கள் செத்துப்போவார்கள்."

"மேலே வரைக்கும் ஜீப். அண்ணன் ஓட்டுவான். மேலே போனபின் சைக்கிள். தோட்டம், பழம் பறிப்பு, களத்தில் காயும் காபி, கடைசியில் நாலு தம்ளர்."

"ஒயினா?"

"காபி. ஒயின் வேண்டுமானால் அம்மாவிடம் ஒரு ஜாடி இருக்கும்."

அப்போது உர்சுலா சிரித்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. இப்படித்தான் முடிவானது: டிசம்பரில் அவள் வருகிறாள், ஹான்ஸையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு. ஏற்காட்டில் ஒரு நாளை நான் முன்னால் நின்று நடத்த வேண்டும். சரியாக நடந்தால் ஜனவரிக்குள் வருடம் முழுவதற்குமான ஒப்பந்தம். நடக்காவிட்டால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். அந்தப் பதிலை அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

7

மறுநாளே வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "ஏ புள்ள, நம்மூர்ல சைக்கிளு ஆருகிட்ட இருக்குது?"

"பள்ளிக்கூடத்து வாச்மேன்கிட்ட ஒண்ணு இருக்குமே."

"அதுக்கு பிரேக்கு இல்ல. செருப்பத்தான் வெச்சுத் தேய்ப்பாரு. அதுல வெள்ளைக்காரங்கள ஏத்துனா நேரா பள்ளத்துக்குத்தான் போவாங்க."

"சேலத்துல வாடகைக்கு எடுக்கலாம். நீ முதல்ல ரோட்டப் பாரு. செம்மநத்தம் பக்கமா, வெள்ளக்கடை பக்கமா?"

"வெள்ளக்கடை ரோட்டுல வண்டி சாஸ்தி. செம்மநத்தம் ரோடு சிறுசு, எதிர்ல ஜீப் வந்தா ஒதுங்க எடமில்ல. வளைவுக்கு வளைவு மணி அடிக்கத் தெரியணும்."

"அத நான் கத்துத்தரேன்" என்றேன். இந்த விஷயத்தில் நான் தேர்ந்தவள்.

அடுத்த ஞாயிறு அவன் வாச்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு செம்மநத்தம் ரோட்டில் போய்ப் பார்த்தான். போன் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு வானமும் சில்வர் ஓக்கும் அவன் மூச்சும்தான் கிடைத்தன. முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டான். பின்னாலிருந்து அம்மாவின் குரல். சர்ச்சில் பூசை முடிந்து, பார்க்கலாம் என்று நடந்தே கூட வந்திருக்கிறாள்.

"டேய் அந்தோணி, தள்றதுக்கு எதுக்குடா சைக்கிளு? வெறுங்கையோட நடந்தா சீக்கிரம் போயிருவயில்ல?"

"நீ சும்மா வாம்மா."

"நா சும்மாதான் வாரேன். நீதான் நொம்பக் கஷ்டப்படற."

நான் கேட்டேன்: "அம்மா, உனக்கு முன்னாடி அவன் எவ்வளவு தூரத்துல போறான்?"

"எங்க போறான்? பக்கத்துலதான் வாரான். இப்பப் பாரு, நாந்தான் முன்னாடி."

அந்த மேட்டில் மிதித்தாலும் தள்ளினாலும் ஒரே வேகம்தான். நடக்கிற ஆளின் வேகம். இதை எழுதி வைத்துக்கொண்டேன்.

உர்சுலாவுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பக்கத் திட்டம் இப்போது என் முன்னால் இருக்கிறது. எங்கே கிளம்புவது, எங்கே நிற்பது, எந்த வளைவில் இறங்கித் தள்ளச் சொல்வது, பழம் பறிப்பவர்களிடம் வந்தவர்கள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால், எல்லாரும் வந்து சேரும் வரை காத்திருந்து, ஒரே தடவையாகச் சொல்ல வேண்டும். கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அலுவலகத்து அம்மாளுக்கும் ஒரு நகல் போகும். நவம்பரிலிருந்து மார்ச் வரை என்ன செய்வேன் என்று அவர் கேட்டதற்கு இதுதான் என் பதில். பாதி மாதங்களுக்காவது. மீதிக்கு, அடுத்த வருடப் பாதைகளுக்கு வரைபடம் போடும் வேலை இருக்கிறது என்கிறாள் உர்சுலா.

நிரப்பாமல் விட்டிருந்தது ஒரே ஒரு கட்டம். 'கடைசி சைக்கிள் யார்?' அதையும் நேற்று நிரப்பிவிட்டேன். நிரப்புவதற்கு முன்னால் கேட்டேன்.

"நா சைக்கிள்ல எல்லாம் ஏறமாட்டேன் கண்ணு. இந்த வயசுல உழுந்து கைய ஒடிச்சுக்கவா?"

"ஏற வேண்டாம்மா. நடந்து வா. அவங்களும் அந்த வேகத்துலதான் வருவாங்க."

 எஸ்டேட்டில் ஒரு நாள் லீவு சொல்ல வேண்டும், ரைட்டர் கேட்பார் என்றாள். ஹான்ஸ் என்கிறவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா என்று கேட்டாள். அந்த மஞ்சள் சட்டை சீலைக்கு மேலே போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

"செரி, வாரேன். எத்தன பேரு?"

"அஞ்சு பேர். உனக்கும் அவங்களுக்கும் முன்னாடி நான்."

"அஞ்சு பேருதான? எண்ணிக்கறேன்" என்றாள் அம்மா. "நீ பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்காத. ரோட்டப் பாத்துப் போ."

டிசம்பரில் அதைத்தான் முயன்று பார்க்கப் போகிறேன்.